ஜனவரி டைரியைக் குடித்த பால் கணக்கு!

ஜூன் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை. குரோம்பேட்டையில் ஒரு வாடகை வீடு. கல்லூரி அட்மிஷனுக்கு மகளின் சாதிச் சான்றிதழ் ஜெராக்ஸ் தேவைப்பட, பீரோவின் கீழ்த்தட்டு மொத்தமும் தரைக்கு வந்துவிட்டது. பழைய கரன்ட் பில், ரேஷன் கார்டு நகல், யாருடையது என்றே தெரியாத ஒரு எக்ஸ்ரே, கல்யாணப் பத்திரிகைகள். அவற்றுக்கு நடுவே ஜவுளிக்கடையில் இனாமாகக் கொடுத்த டைரி ஒன்று. ஜெராக்ஸ் கிடைத்துவிட்டது. ஆனால், மகள் டைரியைக் கீழே வைக்கவில்லை.

முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. அதன் கீழே ஐந்து வரிகள். தினமும் 10,000 ஸ்டெப்ஸ். மாசம் 1,000 ரூபாய் போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. ஸ்கூட்டி கத்துக்கணும். ஸ்போக்கன் இங்கிலீஷ். கடைசி வரி, ‘சாயங்காலம் ஆனா பிள்ளைங்க மேல எரிஞ்சு விழக் கூடாது’.

ஜனவரி 1 முதல் 13 வரை ஒவ்வொரு நாளும் ஸ்டெப்ஸ் கணக்கு எழுதப்பட்டிருந்தது. போகிக்கு முதல் நாள் ராத்திரி, ‘பொங்கல் முடிஞ்சதும் தொடரும்’ என்று ஒரு குறிப்பு. பொங்கல் முடிந்தது. தொடரவில்லை. பிப்ரவரியில் நான்கு வெற்றுப் பக்கங்கள். அதற்கப்புறம் ‘ஆவின் பச்சை 1, ஆரஞ்சு ½’ என்று பால் கணக்கு ஆரம்பித்து, அயர்ன்காரர் கணக்கு, கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதி, பிளவுஸ் அளவுகள் என்று மே வரை ஓடியிருந்தது.

“அம்மா, உன் லட்சியத்தையெல்லாம் பால் கணக்கு குடிச்சிருச்சும்மா!” என்று மகள் சிரிக்க, வீடே சிரித்தது. அம்மாவும்தான். வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு பிளவுஸ், யூனிஃபார்ம் தைத்துக் கொடுக்கும் 42 வயதுப் பெண்மணி. அந்த ஞாயிறு ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு, கிச்சன் மேடையில் வைத்து அந்த டைரியை அவர் மறுபடியும் புரட்டினார். அப்போது சிரிப்பு வரவில்லை.

எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய காட்சிதான் இது. உங்களிடம் டைரி இல்லாமல் இருக்கலாம். மொபைல் நோட்ஸில் ஒரு பட்டியலோ, ஒருமுறை திறந்து மூடிய ஃபிட்னெஸ் ஆப்போ, நாலு நாள் போய்விட்டு வருடச் சந்தா கட்டிய ஜிம் கார்டோ இருக்கும். லீப் வருடம் இல்லாத ஆண்டில் ஜூலை 2-ம் தேதிதான் சரியான நடுநாள். அதற்கு முன்னால் 182 நாள்கள், பின்னால் 182 நாள்கள். இந்தக் கணக்கைக் கேட்டதும் ‘பாதி போச்சே’ என்றுதான் பெரும்பாலும் வாயில் வருகிறது.

மார்கழி நடுவில் என்ன கோலம்?

நடுவில் தொய்வு வருவது உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. 2011-ல் பொனெஸி, பிரெண்டல், டி ஏஞ்சலிஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் இதையே ஆராய்ந்து கட்டுரை எழுதினார்கள். ஒரு வேலையைத் தொடங்கும்போது, கிளம்பிய இடத்திலிருந்து எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று பார்க்கிறோம். ஒவ்வோர் அடியும் பெரிதாகத் தெரிகிறது. முடிவு நெருங்கும்போது, இன்னும் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கிறோம். அப்போதும் ஒவ்வோர் அடியும் பெரிதாகத் தெரிகிறது. நடுவிலோ, முன்னாலும் தூரம், பின்னாலும் தூரம். எடுத்து வைக்கும் அடி எதற்குமே உதவாததுபோல மனசு சோர்ந்துவிடுகிறது.

அடுத்த ஆண்டு, அமெரிக்காவில் டூரே டில்லரி, ஃபிஷ்பாக் என்ற இரு ஆய்வாளர்கள் இன்னொரு விஷயத்தைக் கண்டார்கள். யூதர்களின் ஹனுக்கா பண்டிகையில் எட்டு ராத்திரி விளக்கேற்ற வேண்டும். முதல் நாளும் கடைசி நாளும் ஒழுங்காக ஏற்றுகிறவர்கள்கூட, நடு நாள்களில் விட்டுவிடுகிறார்கள்.

இதைத் தெரிந்துகொள்ள நமக்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. மார்கழி முதல் தேதி வாசலை அடைத்து 21 புள்ளிக் கோலம், நடுவில் பூசணிப் பூ. பதினைந்தாம் தேதிவாக்கில் நாலு புள்ளி, இரண்டு இழுப்பு. போகி வந்ததும் மறுபடி கலர்ப்பொடி பாக்கெட்! கொலு வைத்த வீட்டில் ஐந்தாம் நாள் சுண்டலில் தேங்காய் குறைவதும் இதே கணக்குதான்.

ஆக, வருஷ நடுவில் நிற்கிறவருக்குச் சோர்வு வருவது குணக்கேடு இல்லை. அதற்கப்புறம் நாம் செய்வதுதான் சிக்கல். கனடாவின் பாலிவி, ஹெர்மன் என்ற உளவியலாளர்கள், டயட்டில் இருப்பவர்களைப் பல வருடம் கவனித்தவர்கள். ஒரு மில்க் ஷேக் குடித்து டயட்டை மீறிவிட்டோம் என்று நினைப்பவர்கள், அதோடு நிறுத்திக்கொள்வதில்லை. அதற்கப்புறம் ஐஸ்கிரீமையும் கூடுதலாகச் சாப்பிடுகிறார்கள். ‘தலைக்கு மேல வெள்ளம் போனா, சாண் என்ன முழம் என்ன’ என்பது நம் ஊர்ப் பழமொழி. ஒருநாள் விட்டால் ஒருநாள்தான் போகிறது. ‘அவ்ளோதான், விட்டாச்சு’ என்ற முடிவுதான் மீதி மாதங்களையும் சேர்த்துக்கொண்டு போகிறது.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் 96 பேரை 12 வாரங்கள் பின்தொடர்ந்தார்கள். புதுப் பழக்கம் ஒன்று தானாக நடக்கும் நிலைக்கு வர, சராசரியாக 66 நாள்கள். ஆனால், ஆளுக்கு ஆள், வேலைக்கு வேலை 18 நாளில் இருந்து 254 நாள் வரை ஆகலாம் என்று கணக்கு வந்தது. ‘21 நாளில் பழக்கம் வந்துவிடும்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பி, 22-ம் நாள் எழுந்திருக்க முடியாதவர்கள் தங்களையே திட்டிக்கொள்ள வேண்டாம். அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. நடுவில் ஒருநாள் தவறியதால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை.

6,240 எப்படி ‘தப்பு’ ஆகும்?

குரோம்பேட்டை டைரிக்கே திரும்பலாம். ராத்திரி தனியாகப் பார்த்தபோதுதான் அந்தப் பெண்மணிக்கு ஒன்று தட்டுப்பட்டது. ஜனவரி 4: 6,240. பக்கத்தில் சிவப்பு மையில் பெருக்கல் குறி. ஜனவரி 7: 5,900. பெருக்கல் குறி. ஜனவரி 9: 7,115. அதற்கும் பெருக்கல் குறி! 13 நாளில் ஒரே ஒருநாள்தான் டிக். அது மயிலாப்பூர் போய்த் தெற்கு மாட வீதி, வடக்கு மாட வீதி என்று சுற்றிய நாள்.

இந்த 10,000 எங்கிருந்து வந்தது? 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடை எண்ணும் கருவியின் பெயர் ‘மான்போ கெய்’. ‘பத்தாயிரம் அடி மீட்டர்’ என்று அர்த்தம். விளம்பரத்துக்கு எடுப்பாக இருந்த எண் அது. ஆராய்ச்சி பின்னாடிதான் வந்தது. 2019-ல் ஐ-மின் லீ தலைமையிலான குழு, அமெரிக்காவில் சராசரி வயது 72 உள்ள பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் நடையைக் கணக்கெடுத்தது. தினம் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட, சுமார் 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது. 7,500 அடிக்கு மேல் போனபோது பலன் அதற்குமேல் கூடவில்லை. வயதானவர்களிடம் எடுத்த கணக்குதான். ஆனாலும், 6,240-க்குப் பெருக்கல் குறி போட்டது அநியாயம் என்று சொல்ல இது போதும்.

நம்மில் பலர் இப்படித்தான். தேர்வுத் தாளைத் திருத்துகிற கண்டிப்பான டீச்சர் ஒருவரை மனசுக்குள் உட்கார வைத்திருக்கிறோம். அந்த டீச்சருக்கு ஒன்று சென்டம், இல்லையென்றால் ஃபெயில்.

அந்தக் கடைசி வரி

ஐந்து வரிகளில் அவரை அதிகம் உறுத்தியது ஐந்தாவதுதான். எரிஞ்சு விழக் கூடாது. ஆறு மாதத்தில் அதில் எதுவுமே மாறவில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் உடம்பு கழன்று போகிறது. மாடியில் துணி எடுக்கப் போனால் மூச்சு வாங்குகிறது. ஏழாம் வகுப்புப் பையன் ‘அம்மா...’ என்று ஆரம்பித்தாலே, ‘என்னடா இப்போ?’ என்று வந்துவிடுகிறது. “நாப்பது தாண்டினா அப்படித்தான்மா, எனக்கும் இருந்துச்சு” என்பார் மாமியார். அவரும் அப்படியே நம்பியிருந்தார். மனசில் உறுதி இல்லை, சோம்பேறித்தனம், வேறொன்றும் இல்லை என்று.

மகள்தான் ஒருநாள், “ஏம்மா, உன் கண்ணுக்குக் கீழ வெளுத்துப்போய் இருக்கே... ஒரு பிளட் டெஸ்ட் எடேன்” என்றாள். “அதுக்கு வேற தண்டச் செலவா?” என்று தட்டிக்கழித்து, கடைசியில் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார். ஹீமோகுளோபின் 8.6.

கர்ப்பமாக இல்லாத பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை என்கிறது உலக சுகாதார நிறுவனம். தேசிய குடும்ப நல ஆய்வின் 2019-21 கணக்குப்படி, 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் இந்திய அளவில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53 சதவிகிதம். அதாவது, பஸ்ஸில் லேடீஸ் சீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தால், கணக்குப்படி அதில் ஒருவருக்கு இருக்கலாம். அவரைத்தான் வீட்டில் ‘முன்ன மாதிரி இல்ல, சிடுசிடுன்னு இருக்கா’ என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

டாக்டர் முதலில் கேட்ட கேள்வி, “பீரியட்ஸ்ல அதிகமா போகுதா?” என்பதுதான். அதை ஒரு பிரச்னையாகவே அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஸ்கேன் எழுதிக் கொடுத்தார் டாக்டர். தைராய்டும் சுகரும் பார்க்கச் சொன்னார். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துவிட்டு, அதை டீ, காபி, பாலோடு சேர்த்துப் போடக் கூடாது என்றார். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கத்தையும் விடச் சொன்னார். சாப்பாட்டில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதை டீ தடுத்துவிடும். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா போன்றவை அதற்கு உதவும். மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். ரத்த அளவு சரியான பிறகும் சில மாதங்கள் தொடர வேண்டும். ‘நல்லாயிட்டேன்’ என்று பாதியில் நிறுத்துகிறவர்கள்தான் அதிகம் என்று சொல்லியே அனுப்பினார். (பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுத்த மாத்திரையை நாமும் வாங்கிப் போடலாமா என்றால், கூடாது. ரத்தம் ஏன் குறைகிறது என்று தெரியாமல் மாத்திரை மட்டும் போடுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான்.)

வருஷ நடுவில் ‘எனர்ஜியை மீட்பது எப்படி’ என்று தேடினால், காலை ஐந்து மணிக்கு எழுந்திரு, குளிர்ந்த நீரில் குளி என்று ஆயிரம் வீடியோ வருகிறது. 8.6 ஹீமோகுளோபினோடு ஐந்து மணிக்கு எழுந்து என்ன செய்வது? அலாரத்துக்கு முன்னால் ரத்தப் பரிசோதனைதான் வர வேண்டும். ஆண்களுக்கும் இதைச் சொல்லலாம். அவர்கள் பலரும் சுகர், பி.பி. பார்க்காமல், ‘ஆபீஸ் டென்ஷன்’ என்ற ஒரே வார்த்தையில் எல்லாவற்றையும் மூடி வைத்திருக்கிறார்கள்.

அன்று சாயங்காலம் ரிசல்ட் பேப்பரை வாங்கிப் பார்த்த மாமியார் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “எனக்கும் அப்போ இதுதான் இருந்திருக்கும்போல” என்றார்.

ஆர்.டி.யும் எல்.எல்.ஆரும்

மற்ற வரிகளில் இரண்டுக்குக் கெடு இருந்தது. ஜனவரி 5-ம் தேதி ஆர்.டி. ஆரம்பித்து, பிப்ரவரியும் கட்டியாயிற்று. மார்ச்சில் பரீட்சை ஃபீஸ், ஏப்ரல், மே மாதங்களில் ஊர்ப்பயணம், ஜூனில் ஸ்கூல் ஃபீஸ். நான்கு தவணை நின்றுவிட்டது. போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி.யில் நான்கு தவணை தவறினால் கணக்கு நிறுத்தப்படும். ஆனால், நான்காவது தவணை தவறியதில் இருந்து இரண்டு மாதத்துக்குள், பாக்கியையும் 100 ரூபாய்க்கு 1 ரூபாய் என்ற கணக்கில் அபராதத்தையும் கட்டினால் உயிர் கொடுத்துவிடலாம். ‘அது போனது போனதுதான்’ என்று நினைத்திருந்தவருக்கு, ஆகஸ்ட் நடுவரை நேரம் இருப்பது கவுன்டரில் விசாரித்த பிறகுதான் தெரிந்தது. ஜூன் மாத யூனிஃபார்ம் தையல் காசு அப்படியே போனது. ஆடியில் பிளவுஸ் ஆர்டர் குறையும், ஆவணி முகூர்த்தத்துக்குத்தான் கூடும். அதனால் ஜூலை, ஆகஸ்ட் தவணையையும் முன்கூட்டியே எடுத்து அரிசி டப்பாவில் வைத்துவிட்டார்.

டைரியின் பின் அட்டையில் மடித்து வைத்திருந்தது எல்.எல்.ஆர். ஜனவரி 20-ம் தேதி எடுத்தது. ஆறு மாதம்தான் செல்லும். ஜூலை 19-ல் முடிகிறது. கணவருக்கு ஒரே பரபரப்பு. “இன்னும் மூணு வாரம் இருக்கு. தினமும் சாயங்காலம் கிரவுண்டுக்குக் கூட்டிட்டுப் போறேன், எட்டு போட்டுடலாம்.”

அவர் யோசித்துவிட்டு, “வேண்டாங்க. குனிஞ்சு நிமிர்ந்தாலே தலை சுத்துது. நடு ரோட்டுல சுத்தினா?” என்றார்.

எல்.எல்.ஆர் போகட்டும் என்று முடிவானது. செப்டம்பரில் புதிதாக விண்ணப்பிக்கலாம். எல்.எல்.ஆர் எடுத்து 30 நாள் ஆன பிறகுதான் டெஸ்ட்டுக்குப் போக முடியும். ஐப்பசி மழை கொட்டுவதற்குள் முடிந்தால் நல்லது. இல்லையென்றால் மழை விட்ட பிறகு. டெஸ்ட்டில் பாஸானதுபோல இது இனிக்காதுதான். ஆனாலும் ஆறு மாத எல்.எல்.ஆர் காலாவதியானது தோல்வி என்று எண்ணி, ஸ்கூட்டியையே மறந்துவிடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஸ்போக்கன் இங்கிலீஷை அவர் அடித்துவிட்டார். கோடு போடும்போது கொஞ்சம் யோசனை இருந்தது. அது எப்படி பட்டியலுக்குள் வந்தது என்று பார்த்தால், பையனின் ஸ்கூல் அம்மாக்கள் வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ நீளமாக இங்கிலீஷில் எழுதிய அன்று வந்தது. அவருக்கு அதில் ஆசை இருந்ததாகவே இல்லை, கூச்சம்தான் இருந்தது. எட்ட முடியாத இலக்கை விட்டுவிடத் தெரிந்தவர்கள் மனநலத்தில் மேலாக இருக்கிறார்கள் என்பதைக் கார்ஸ்டன் ராஷ் என்ற உளவியலாளர் குழுவின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ‘விடாமுயற்சி’ என்று பள்ளிச் சுவர் முழுக்க எழுதிவைக்கிற நாம், எதை விடலாம் என்று பிள்ளைகளுக்கு ஒரு வரிகூடச் சொல்லிக் கொடுப்பதில்லை. அடுத்தவர் ஆசையோ, அடுத்தவரிடம் பட்ட கூச்சமோ உங்கள் பட்டியலில் இருந்தால், ஜூலை மாதம் அதை அடிக்க நல்ல மாதம்.

நடையை மட்டும் கொஞ்சம் மாற்றி எழுதிக்கொண்டார். ‘தினமும் நடக்கணும்’ என்று பொதுவாக இருந்தது, ‘பையனை வேன்ல ஏத்தினதும், வீட்டுக்குத் திரும்பாம அப்படியே பார்க் வரைக்கும்’ என்று ஆனது. எப்போது, எங்கே, எதைத் தொடர்ந்து என்று முடிச்சுப் போட்டுவிட்டால் காரியம் நடக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பதை, பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990-களிலேயே எழுதியிருக்கிறார். அவருக்கு அதெல்லாம் தெரியாது. வீட்டுக்குள் ஒரு தடவை வந்துவிட்டால் பாத்திரம் கூப்பிடும், அப்புறம் வெளியே போக முடியாது என்பது மட்டும் தெரியும். எவ்வளவு தூரம் என்பதை, டாக்டர் சொன்னபடி, மூச்சு வாங்காத அளவுக்கு என்று வைத்துக்கொண்டார்.

எந்த நாளில் ஆரம்பிப்பது என்பதில்தான் பஞ்சாயத்து. வாரத்தின் முதல் நாள், மாதத்தின் முதல் நாள், பிறந்தநாள் போன்ற நாள்களை ஒட்டி மக்கள் ஜிம்முக்குப் போவதும் புதிதாக உறுதி எடுப்பதும் கூடுகிறது என்று 2014-ல் ஹெங்சென் டாய், கேத்தரின் மில்க்மேன், ஜேசன் ரீஸ் ஆகியோரின் ஆய்வு வந்தது. பழைய கணக்கை மூடிவிட்டு புதுப் பக்கம் புரட்டியதுபோல மனசுக்கு ஒரு தெம்பு. ஆங்கில வருஷம், தமிழ் வருஷம், பிறந்தநாள், கல்யாண நாள் என்று நமக்குப் புதுப் பக்கங்களுக்குப் பஞ்சமே கிடையாது.

“அப்போ ஆடி ஒண்ணாம் தேதியில இருந்து ஆரம்பிக்கிறியா?” என்றார் கணவர், கிண்டலாக.

“ஆடியில யாராவது புதுசா ஆரம்பிப்பாங்களா? போய்...” என்று அவர் சொல்லி முடிப்பதற்குள், கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமியார் நிமிர்ந்தார். முசிறிப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்.

“கல்யாணம்தான் ஆடியில பண்ண மாட்டோம். ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொல்லிட்டு, எங்கப்பா வெதச்சதெல்லாம் ஆடியிலதான். நீ ஏன் அதுவரைக்கும் காத்திருக்க? நாளைக்கே நட. பையனை வேன்ல ஏத்திட்டுப் போ, நான் பாத்திரத்தைப் பார்த்துக்கறேன்.”

அடுத்த நாள் ராத்திரி டைரியில் ஜூலைப் பக்கம் திறக்கப்பட்டது. மேலே ஒரு வரி: 4,310. பக்கத்தில் சிவப்பு மை இல்லை. அதன் கீழே ஆவின் பச்சை 1, ஆரஞ்சு ½. சாப்பாட்டுக்கு அப்புறம் டீ குடிக்கவில்லை என்பதையும் எழுதலாமா என்று யோசித்துவிட்டு, பேனாவை மூடினார். பையன் “அம்மா...” என்று கூப்பிட்டுக்கொண்டே கிச்சனுக்குள் வந்தான்.